வந்தவர்களை வைத்துத்தான் பாட்டு

நான் முதன்முதலாக ஓர் ஆலயப் பாடகர் குழுவை நடத்திய மாலையில் ஒன்பது பேர் வந்திருந்தார்கள். பெண்களின் மேல்குரலான சொப்ரானோ நான்கு, கீழ்க்குரலான ஆல்ட்டோ மூன்று, ஆண்களின் கீழ்க்குரலான பேஸ் இரண்டு. ஆண்களின் மேல்குரலான டெனர் ஒருவர்கூட இல்லை. என் கையில் இருந்ததோ நான்கு குரலுக்கு எழுதிய பாட்டு. பல வருடமாகக் குழுவை நடத்தி வந்த பெரியவர் திடீரென்று உடம்பு முடியாமல் படுத்துவிட்டார். ஞாயிறு ஆராதனைக்கு மூன்று நாள்தான் இருந்தது. எனக்கு வயது 22. ஆர்கன் ஓரளவு வாசிப்பேன், ஸ்டாஃப் நோட்டேஷன், அதாவது ஐந்து கோட்டில் எழுதும் மேற்கத்திய இசைக்குறிப்பு, படிப்பேன். வேறு ஆள் கிடைக்காததால் என்னை நிறுத்தினார்கள்.

வராத டெனர்களைப் பற்றி, வந்திருந்த ஒன்பது பேரிடம் கால் மணி நேரம் குறைப்பட்டுக்கொண்டேன். அப்புறம் டெனர் பகுதியை நானே உரக்கப் பாடிக்கொண்டு கையை ஆட்டினேன். ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே நடத்தினேன். பாட்டு எப்படி இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் குரல்தான் என் காதை நிறைத்திருந்தது. குழு பாடியது விழவே இல்லை.

முப்பது வருடம் ஆகிறது. இந்த வேலைக்கு வரும் இளையவர்கள் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கும்போது, அந்த மூன்று நாளில் செய்த இந்த இரண்டு தவறுகளிலிருந்துதான் நான் தொடங்குகிறேன். வந்தவர்களை வைத்துப் பாட்டைத் தேர்ந்தெடு. அவர்கள் பாடும்போது நீ வாயை மூடிக்கொண்டு கேள். இரண்டும் சொல்ல எளிது. பழகுவதற்கு எனக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது.

மேடைக் கச்சேரிக்கான குழுவுக்குக் குரல் தேர்வு வைத்து ஆள் எடுக்கலாம். ஆலயத்தில் அப்படி முடியாது. பாட ஆசைப்பட்டு ஒருவர் வந்து நின்றால், அவரும் அந்தச் சபையின் பிள்ளைதான். அவருக்கு ஓர் இடம் கண்டுபிடிப்பது நடத்துகிறவரின் வேலை. இதில் பெரியவர்களும் தப்பவில்லை. 1730 ஆகஸ்ட் 23 தேதியிட்டு ஜெர்மன் இசைமேதை யோஹான் செபாஸ்டியன் பாக், தான் பள்ளியிலும் ஆலயங்களிலும் இசையை நடத்திய லைப்சிக் நகரத்தின் மன்றத்துக்கு எழுதிய மனுவை நான் அடிக்கடி எடுத்துப் படிப்பேன். ஆலய இசை ஒழுங்காக நடக்க வேண்டுமென்றால் ஒரு குரலுக்கு மூன்று பேர் வீதம் குறைந்தது 12 பேர் வேண்டும் என்று கணக்குப் போடுகிறார். ஒருவர் நோயில் படுத்தாலும் குரலுக்கு இருவராவது மிஞ்சுவார்களே என்பது அவர் கணக்கு. நான்கு பேர் வீதம் 16 கிடைத்தால் இன்னும் நல்லது என்கிறார். மனுவின் முடிவில் தன் பள்ளி மாணவர்களை எண்ணுகிறார்: பாடத் தகுந்தவர்கள் 17, இன்னும் தேறாதவர்கள் 20, தேறவே மாட்டாதவர்கள் 17. மொத்தம் 54 பேர். இவர்களைப் பிரித்து அந்த நகரத்தின் நான்கு ஆலயங்களுக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கணக்கை முதன்முதலாகப் படித்த இரவு எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மனு எழுதுவதற்கு முன்பே, இப்படிப்பட்ட பையன்களை வைத்துக்கொண்டே, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் தன் பெரிய படைப்பான மத்தேயு பேஷனை அவர் பாட வைத்திருந்தார்.

சரி, வருகிறவர்கள் எத்தனை பேர் என்று முன்கூட்டியே தெரியாதபோது என்ன செய்வது? நான் மூன்று மாதத்துக்கான பட்டியலை இரண்டு வரிசையாக எழுதுவேன். முதல் வரிசையில், எல்லோரும் வந்தால் பாடுவது. இரண்டாவதில், பாதிப் பேர் வந்தால் பாடுவது. இரண்டாவது வரிசையையும் முதல் வரிசை அளவுக்கே அக்கறையாகப் பயிற்சி செய்ய வேண்டும். பெண்களுக்கு இரண்டு குரல், ஆண்களுக்கு ஒரே குரல் என்று மூன்று குரலில் எழுதிய பாட்டுகள் ஏராளமாக உண்டு. பயிற்சி இல்லாத ஆண் குரல்களில் பெரும்பாலானவை உண்மையான டெனரும் இல்லை, உண்மையான பேஸும் இல்லை, நடுவில் நிற்கும். அவர்களைக் கீபோர்டின் கீழ் ‘பி’யிலிருந்து நடு ‘சி’க்கு மேலே ஒரு ‘டி’ வரை வைத்துக்கொண்டால் கழுத்து நரம்பு புடைக்காமல் பாடுவார்கள். கேனன், அதாவது ஒரே ராகத்தை ஒருவர் பின் ஒருவராகத் தொடங்குவது, ஐந்து பேர் வந்தாலும் நிறைவாகக் கேட்கும். எல்லோரும் ஒரே ராகத்தைப் பாடி, கடைசிச் சரணத்தில் மட்டும் இரண்டு சொப்ரானோக்கள் மேலே ஒரு டெஸ்கன்ட், அதாவது ராகத்துக்கு மேல் போகும் ஒரு தனி வரி, சேர்த்தால் ஆலயமே நிமிர்ந்து உட்காரும். நான்கு குரல் பாட்டை மூன்று பேர் இல்லாமல் தடுமாறிப் பாடுவதைவிட ஒரே குரலில் சுத்தமாகப் பாடும் ஒரு பழைய பாட்டு எனக்குப் பெரிது.

டெனர் இல்லாவிட்டால் கனத்த குரலுள்ள ஆல்ட்டோ பெண்களை அங்கே நிறுத்தும் வழக்கம் இருக்கிறது. நானும் செய்திருக்கிறேன். ஓரிரு பாட்டுக்குச் சரி. வாராவாரம் அப்படி அடிக்குரலில் அழுத்திப் பாடினால் அந்தக் குரலின் மேல்பாதி மங்கிப்போகும். என் குழுவில் ஓர் அக்காவுக்கு அப்படி ஆனது. தொண்டை மருத்துவரைப் பார்த்து, இரண்டு மாதம் பாடாமல் இருந்து, பிறகுதான் தேறி வந்தார். அவர் மறுப்பே சொல்லாமல் இரண்டு வருடம் பாடியதால் நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொருவரையும் வருடத்துக்கு ஒரு முறை தனியாக ஐந்து நிமிடம் பாடச் சொல்லிக் கேட்கிறேன். பரீட்சை இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். குரல் எங்கே வசதியாக இருக்கிறது, எங்கே வலிக்கிறது, போன வருடத்திலிருந்து என்ன மாறியிருக்கிறது என்று பார்க்க மட்டும்தான்.

இனி கேட்பது. நடத்துகிறவர் கூடவே பாடினால் குழுவுக்குத் தெம்பாக இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறோம். புதுப் பாட்டைக் கற்றுக்கொடுக்கும்போது ஒரு வரியைப் பாடிக் காட்டலாம், காட்டவும் வேண்டும். அவர்கள் திருப்பிப் பாடும்போது நிறுத்திவிட வேண்டும். நம் குரலின் அதிர்வு எலும்பு வழியாக நம் காதுக்குள்ளேயே போவதால், நாம் பாடும்போது எதிரே நடக்கும் நுணுக்கமான பிசகுகள் மறைந்துபோகின்றன. இன்னொன்று, நாம் பாடினால் அவர்கள் நம்மைச் சாய்ந்துகொண்டு பாடுவார்கள். ஆராதனையில் நம் குரல் இல்லாதபோது விழுந்துவிடுவார்கள்.

வாயை மூடிக்கொண்டால் எப்படி வழிநடத்துவது என்ற கேள்விக்கு எனக்கு விடை கொடுத்தவர் ஒரு வயதான ஆசிரியர். ஒரு பயிலரங்கில் எங்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னார். பேசக் கூடாது, தலையாட்டக் கூடாது. மூச்சை மட்டும் இழுத்து, எதிரே நிற்கும் 20 பேரைப் பாட வைக்க வேண்டும். முதல் முறை நான் அவசரமாக மூச்சிழுத்தேன். அவர்கள் அவசரமாக, கூர்மையாகத் தொடங்கினார்கள். இரண்டாம் முறை பயத்தில் தோளைத் தூக்கினேன். எல்லாருடைய தொண்டையும் இறுகியது. மூன்றாம் முறை வயிறு வரை நிதானமாக, அந்தப் பாட்டின் வேகத்திலேயே ஒரு பீட் நீளத்துக்கு மூச்சிழுத்தேன். 20 பேரும் என்னுடனேயே இழுத்தார்கள். ஒலி மெதுவாகத் திறந்தது. வேகம், பலம், குரலின் நிறம் மூன்றும் அந்த ஒரு மூச்சிலேயே அவர்களுக்குப் போய்விட்டது. அதன் பிறகு என் கையை அவிழ்த்துவிட்டு ஆசிரியர் சொன்னார்: “தம்பி, இனி கை இதைத்தான் செய்யணும்.” நான் பல வருடமாக ‘ஒன், டூ, த்ரீ’ என்று எண்ணித் தொடங்கிக்கொண்டிருந்தேன். அன்றோடு விட்டேன்.

கை சொல்வதை அவர்கள் நம்புகிறார்கள் என்பதை நான் கசப்பாகக் கற்றுக்கொண்டது ஓர் ஈஸ்டர் காலையில். ஹாண்டெலின் அல்லேலூயா கோரஸ் பாடியவர்களுக்குத் தெரியும், கடைசி அல்லேலூயாவுக்கு முன் குழுவும் வாத்தியங்களும் சட்டென்று நிற்கும் ஓர் இடைவெளி இருக்கிறது. அவ்வளவு முழக்கத்துக்குப் பின் அந்த அமைதி ஆலயத்தின் சுவர்களில் சுற்றிக்கொண்டு நிற்கும். அந்த இடத்தில் என் வலது கை, அடுத்த பீட்டை எண்ணிக்கொண்டு, இரண்டு அங்குலம் கீழே இறங்கியது. முன்வரிசையில் இருந்த ஒரு டெனர், குழுவிலேயே என்னை மிகக் கவனமாகப் பார்ப்பவர், தனியாக ‘அல்’ என்று தொடங்கிவிட்டார். அவர் முகம் வெளுத்துப்போனது எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. ஆராதனை முடிந்ததும் வந்து “மன்னிச்சிருங்க மாஸ்டர்” என்றார். நானும் “பரவாயில்ல” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று இரவு யாரோ போனில் எடுத்திருந்த வீடியோ வந்தது. நான்கு முறை பார்த்தேன். என் கை இறங்குவது தெளிவாகத் தெரிந்தது. அவர் செய்தது சரி. நான் கூப்பிட்டேன், அவர் வந்தார். உடனே அவருக்கு போன் செய்தேன். அடுத்த பிராக்டிஸில் எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன். அப்போதிருந்து மாதம் ஒரு முறை பிராக்டிஸில் போனை எதிரே வைத்து என்னைப் படமெடுத்துப் பார்க்கிறேன். அமைதியில் கை அசைகிறதா, இடது கை வலது கையின் நிழலாகவே ஆடுகிறதா, தாளில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருக்கிறேனா என்று அதில் தெரிந்துவிடும்.

சுருதி இறங்குவது எல்லாக் குழுவுக்கும் உள்ள நோவு. வாத்தியம் இல்லாமல் பாடத் தொடங்கினால், முடியும்போது அரை ஸ்வரமோ முழு ஸ்வரமோ கீழே போய் நிற்போம். ‘சுருதி இறங்குது, ஏத்திப் பாடுங்க’ என்று கத்துவதால் ஒன்றும் ஆகாது. தொண்டையை இறுக்கிக்கொண்டு இன்னும் இறங்குவார்கள். எங்கே இறங்குகிறது என்று இடத்தைப் பிடிக்க வேண்டும். நான் தேடும் இடங்கள் நான்கு. ஒரே ஸ்வரம் திரும்பத் திரும்ப வரும் இடம்: ஒவ்வொரு முறையும் ஒரு மயிரிழை சரியும். கீழே இறங்கும் வரிகள்: படியில் இறங்கும்போது பெரிய எட்டு வைத்துவிடுகிறார்கள், எனவே இறங்கும்போது சின்ன எட்டு, ஏறும்போது பெரிய எட்டு என்று சொல்லி வைப்பேன். வரியின் முடிவு: மூச்சு தீர்ந்த பின்னும் குரலை இழுப்பார்கள். நான்காவது இடம், உயிரெழுத்து: ‘ஆ’ மங்கி ‘அ’வாகிறபோது சுருதியும் மங்குகிறது. இந்த நான்கையும் பார்த்த பிறகும் இறங்கினால், பாட்டை அரை ஸ்வரம் ஏற்றித் தொடங்கிப் பார்ப்பேன். பல பாட்டுகள் அப்போது இறங்காமல் சுருதியில் நின்றுவிடுகின்றன. அடிக்குரல் மேல்குரலாக மாறும் ‘பாலம்’ என்ற இடத்திலிருந்து ராகம் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால் என்று நினைக்கிறேன்.

இதில் கீபோர்டு பற்றியும் சொல்ல வேண்டும். கீபோர்டில் மேஜர் மூன்றாம் இடைவெளி, அதாவது ‘டோ’வுக்கும் ‘மி’க்கும் நடுவே உள்ள தூரம், 400 சென்ட். ஒரு அரை ஸ்வரத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு சென்ட். வாத்தியம் இல்லாமல் குரல்கள் இயல்பாகப் பொருந்தும் மூன்றாம் இடைவெளியோ ஏறக்குறைய 386. இந்த 14 சென்ட் வித்தியாசத்தைத் தாளில் பார்த்தால் அற்பம். பாட்டின் கடைசி ஒலியில் மூன்றாம் ஸ்வரம் வைத்திருக்கும் ஆல்ட்டோக்களை ‘தள்ளாதீங்க, லேசா வைங்க’ என்று சொல்லிப் பாருங்கள். ஒரு கணம் எல்லாக் குரலும் ஒன்றில் ஒன்று பூட்டிக்கொண்டது போல் ஆகும். யாரும் பாடாத ஒரு மேல் ஸ்வரம்கூட காற்றில் கேட்கும். அதை ஒரு முறை கேட்டுவிட்ட குழு தானாகவே அதைத் தேடும். அதனால் பிராக்டிஸில் பாதி நேரமாவது கீபோர்டை மூடி வையுங்கள்.

தமிழில் பாடுகிறவர்களுக்கு இன்னொரு கவனம் வேண்டும். வேறு மொழியில் எழுந்த மெட்டுக்குத் தமிழ் வார்த்தை போடும்போது குறில் நீண்ட ஸ்வரத்தில் மாட்டிக்கொள்கிறது. ‘விடு’ நீண்டால் ‘வீடு’. ‘பல்’ நீண்டால் ‘பால்’. பாடுகிறவருக்கு வார்த்தை தெரியும். கேட்கிறவருக்கு எப்படித் தெரியும்? நான் அந்த இடங்களில் நீண்ட ஸ்வரத்தை இரண்டாக வெட்டி, குறிலுக்குச் சின்னத் துண்டும் அடுத்த எழுத்துக்குப் பெரிய துண்டும் கொடுப்பேன். அதுவும் ஒத்துவராவிட்டால் வரியில் வார்த்தையை இடம் மாற்றுவேன், மொழிபெயர்த்தவரிடமோ குருவானவரிடமோ கேட்டுவிட்டுத்தான். அப்புறம் மெய்யெழுத்து. ‘அன்பு’ என்று நீட்டச் சொன்னால் பத்தில் எட்டுப் பேர் ‘அ’வில் கால் பங்கு நேரம் நின்றுவிட்டு ‘ன்’னுக்குப் போய் மூக்கால் முனகுவார்கள். மெய்யை அடுத்த பீட்டின் வாசலில் வையுங்கள் என்று பென்சிலால் குறித்துக் கொடுத்தால் அதே பத்துப் பேரின் ஒலி இரட்டிப்பாகும். ‘பாவம்’ என்பதில் சிலர் ‘ப’வை வல்லொலியாகவும் சிலர் ஆங்கில ‘b’ போல மென்மையாகவும் சொல்வார்கள். எழுத்து ஒன்றாக இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. எப்படிச் சொல்வது என்று முதல் பிராக்டிஸிலேயே முடிவு செய்து எல்லோரும் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். ‘ஸ்’ஸில் முடியும் வார்த்தை வந்தால் ஒரே ஒருவரை மட்டும் அதைச் சொல்லச் சொல்லுங்கள். 20 பேர் சொன்னால் பிரஷர் குக்கர் விசில் போலக் கேட்கும்.

கட்டடமும் குழுவில் ஓர் அங்கம்தான். காற்றில் ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது. குழு பீடத்தருகே இருந்து, ஆர்கன் பின் மாடத்தில் 34 மீட்டர் தள்ளி இருந்தால், ஆர்கன் ஒலி நம்மை வந்தடையப் பத்தில் ஒரு நொடி ஆகும். நிமிடத்துக்கு 120 பீட் போகும் பாட்டில் அது ஒரு பீட்டின் ஐந்தில் ஒரு பங்கு. இரு பக்கமும் ஒன்றையொன்று கேட்டுச் சேர்ந்துகொள்ள முயன்றால், இருவரும் காத்திருந்து காத்திருந்து பாட்டு ஆமை வேகத்துக்கு வந்துவிடும். இப்படி அமைந்த ஓர் ஆலயத்தில் எனக்கும் ஆர்கன் வாசித்தவருக்கும் இதனால் ஆறு மாதம் மனத்தாங்கல். அவர் இழுக்கிறார் என்று நான் நினைத்தேன், நான் இழுக்கிறேன் என்று அவர் நினைத்தார். ஒருநாள் அவர் இடத்தில் நான் போய் உட்கார்ந்து கேட்டேன். அவர் கீழே வந்து நின்றார். இருவருக்கும் புரிந்துவிட்டது. அதன் பிறகு அவர் தன் காதை நம்பாமல் கண்ணாடியில் என் கையை மட்டும் பார்த்து வாசித்தார். பீட்டை நான் கைவிடக் கூடாது என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். எதிரொலி அதிகமுள்ள ஆலயத்தில் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, வரிகளுக்கு நடுவே முந்தைய ஒலி அடங்க இடம் விட வேண்டும். ஆராதனைக்கு ஆள் நிறைந்ததும் எதிரொலி குறைந்துவிடும் என்பதால், வெறும் ஆலயத்தில் செய்த கணக்கை அப்படியே நம்ப முடியாது.

குருவானவருடன் எப்படி நடந்துகொள்வது என்றும் கேட்பார்கள். எந்தச் சபையிலும் இந்த உரசல் புதிதில்லை. பல குரல்கள் பின்னிப் பாடுவதில் வார்த்தை புரியாமல் போகிறது என்ற குறை 16ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் வரை போனது. இத்தாலிய இசையமைப்பாளர் பாலெஸ்ட்ரினா ஒரு திருப்பலி இசையை எழுதிப் பல்குரல் இசையைக் காப்பாற்றினார் என்று பின்னால் வந்த கதை ஒன்று உண்டு. வரலாற்றாசிரியர்கள் அதைக் கதையாகத்தான் பார்க்கிறார்கள். ஆனால் அந்த இசையில் வார்த்தைகள் எவ்வளவு தெளிவாக விழுகின்றன என்பதை யாரும் கேட்டுப் பார்க்கலாம். 1963இல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் திருவழிபாடு பற்றி வெளியிட்ட ஏட்டில், பாடகர் குழுக்களை அக்கறையோடு வளர்க்க வேண்டும் என்றும் மக்கள் முழுமையாகப் பங்கெடுக்க வேண்டும் என்றும் ஒரே பகுதியில் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டையும் ஒன்றாகச் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. சபையார் பாட வேண்டிய பாட்டை எடுத்து, அவர்கள் வாயடைத்துப் பார்க்கும்படி குழு அலங்கரிக்கக் கூடாது. குழுவுக்கென்று ஓர் இடம், சபைக்கென்று ஓர் இடம், இரண்டும் சேரும் ஓர் இடம் என்று ஆராதனைக்கு ஆராதனை பேசி வைத்துக்கொள்வேன். அந்த ஞாயிறின் வேதபாடங்களை இரண்டு மாதம் முன்பே கேட்டு வாங்கிவிடுவேன். பல சபைகளில் பாடங்கள் மூன்று வருடச் சுழற்சியில் வருவதால், பழைய பட்டியல்களைப் பத்திரமாக வைத்திருந்தால் அதே பாடங்கள் திரும்பும்போது வேலை பாதியாகிவிடும். பிரசங்கம் எதைப் பற்றி என்று தெரிந்து பாட்டைத் தேர்ந்தெடுத்தால், பாட்டு நீளமாக இருக்கிறது என்று எந்தக் குருவானவரும் என்னிடம் குறைப்பட்டதில்லை.

பிராக்டிஸ் ஒன்றரை மணி நேரம். அதற்கு மேல் போனால் குரலும் களைக்கும், வேலைவிட்டு வந்தவர்களின் மனமும் களைக்கும். கடினமான புதுப் பாட்டை இருபதாவது நிமிடத்தில் வைப்பேன். அப்போதுதான் குரல் சூடாகி, கவனமும் கூர்மையாக இருக்கும். நீளமான பாட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து கற்றுக்கொடுங்கள். முதலிலிருந்தே தொடங்கினால் முதல் பக்கம் ஐம்பது முறை பாடப்பட்டு, கடைசிப் பக்கம் நான்கு முறைதான் பாடப்பட்டிருக்கும். கடைசியிலிருந்து வந்தால் ஆராதனையில் பாட்டு போகப் போக அவர்கள் நன்றாகத் தெரிந்த இடத்துக்குள் போகிறார்கள். முடிக்கும்போது எல்லோருக்கும் மனப்பாடமான ஒரு பாட்டு. வீட்டுக்குப் போகும்போது நன்றாகப் பாடிய ஒலி காதில் இருக்க வேண்டும்.

ஸ்டாஃப் படிக்கத் தெரியாதவர்களைப் பற்றிக் கவலை வேண்டாம். 11ஆம் நூற்றாண்டிலேயே அரெட்ஸோவின் குய்டோ என்ற துறவி, ஒரு பாட்டின் ஒவ்வொரு அடியும் ஒரு படி மேலே தொடங்குவதைக் கவனித்து, அந்த அடிகளின் முதல் அசைகளை வைத்தே பையன்களுக்கு ஸ்வரம் சொல்லிக்கொடுத்தார். ‘டோ, ரே, மி’ என்று ஸ்வரங்களைப் பெயர் சொல்லிப் படிக்கும் டானிக் சால்ஃபா முறையும் அந்த வழியில் வந்ததுதான்: இங்கிலாந்தில் சாரா குளோவர் வகுத்த முறையை, 1840களிலிருந்து ஜான் கர்வன் எடுத்துத் திருத்திப் பரப்பினார். அந்த முறையில் வளர்ந்தவர்கள் சுருதி இறங்காமல் பாடுவதை நான் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் ஒவ்வொரு ஸ்வரத்தையும் அடிப்படை ‘டோ’வுடன் உறவு வைத்துக் கற்கிறார்கள்.

நகல் எடுப்பதில் நேர்மையாக இருங்கள். ஆலயத்துக்குத்தானே என்று நினைத்து உரிமையுள்ள இசைத்தாளை முப்பது நகல் எடுப்பது, எழுதியவரின் உழைப்பை எடுப்பதுதான். உரிமை தீர்ந்த பழைய இசை கோரல் பப்ளிக் டொமைன் லைப்ரரி போன்ற இணைய நூலகங்களில் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கிறது. 1998இல் தொடங்கியது அது. பழைய பாட்டாக இருந்தாலும், இன்றைய ஒருவர் பதிப்பித்த தாளுக்கு அவருடைய உரிமை தனியாக இருக்கக்கூடும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வருமானம் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். இதை மட்டுமே வைத்துப் பிழைப்பவர்கள் குறைவு. பெரும்பாலானோர் பள்ளியில் இசை ஆசிரியராகவோ வேறு வேலையிலோ இருந்துகொண்டு இதைச் செய்கிறோம். சம்பளம் உண்டா, எத்தனை ஆராதனை, திருமணத்துக்கும் அடக்கத்துக்கும் தனியா, விடுமுறை எப்போது என்று முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஊழியத்தில் இதையெல்லாம் கேட்கலாமா என்று கூச்சப்பட்டு நான் முதல் ஐந்து வருடம் எதுவும் கேட்கவில்லை. மனதுக்குள் கசப்பு சேர்ந்து, அது பிராக்டிஸில் பாடகர்கள் மேல் கோபமாக வெளிவந்தது. எழுதி வாங்கிய பிறகு அந்தக் கோபம் போய்விட்டது.

அடக்க ஆராதனைகள்தான் எனக்கு இந்த வேலையின் நடுமையம். அரை நாள் முன்னறிவிப்பில் அழைப்பு வரும். யார் வருவார்கள் என்று தெரியாது. அதற்காக நான்கு பாட்டுகளை வருடம் முழுவதும் தயாராக வைத்திருப்போம், தாள் இல்லாமல் பாடும் அளவுக்கு. எங்கள் பேஸ் வரிசையில் 40 வருடம் பாடிய ஒருவரின் அடக்கத்தில் ஏழு பேர்தான் வர முடிந்தது. அவர் இடத்தில் யாரும் நிற்கவில்லை. இரண்டாவது சரணத்தில் சொப்ரானோக்கள் அழுதுவிட்டார்கள், ராகமே நின்றது. நான் கையை நிறுத்தவில்லை. ஆல்ட்டோவும் ஒரே ஒரு பேஸும் தங்கள் பகுதியை விடாமல் பாடினார்கள். ராகம் இல்லாமல் கீழ்க்குரல்கள் மட்டும். அப்புறம் பின்னாலிருந்த சபையார் அந்த ராகத்தை எடுத்துக்கொண்டார்கள். நான் திரும்பி அவர்களைப் பார்த்து நடத்தினேன். எத்தனையோ பண்டிகைகளில் முழுக் குழுவோடு பாடியிருக்கிறேன். அதைவிட நல்ல பாட்டை நான் கேட்டதில்லை.

குரல் உடையும் வயதுப் பையன்களைப் பற்றி ஒன்று. 13 வயதில் ஒரு பையன், நல்ல சொப்ரானோ, ஒருநாள் பாட்டின் நடுவில் குரல் பிளந்து சிரிப்புக்கு ஆளானான். அடுத்த வாரம் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது, “இனிமே எனக்கு வராது மாஸ்டர்” என்றான். ஏதாவது ஒரு ஸ்வரம் முனகச் சொன்னேன். சரியாக ஐந்து ஸ்வரம் பிசிறில்லாமல் இருந்தது. அந்த ஐந்து ஸ்வரத்துக்குள் அவனுக்கென்று ஒரு பகுதி எழுதிக் கொடுத்தேன், ஒவ்வொரு பாட்டுக்கும். மாதம் ஆக ஆக அந்த ஐந்து ஸ்வரம் கீழே நகர்ந்தது. நானும் திருப்பித் திருப்பி எழுதினேன். இரண்டு வருடத்தில் அவன் பேஸ் வரிசையில் போய் நின்றான். அந்த வயதில் பாட்டை விட்டவர்கள் பலர் திரும்பி வருவதில்லை. ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் அவர்களைக் காப்பாற்றிவிடலாம்.

இப்போது அந்தப் பையனுக்குத் தாடி இருக்கிறது. நான் தாமதமாக வரும் நாட்களில் குரல் பயிற்சியை அவன்தான் நடத்துகிறான். போன மாதம் ஒரு புதுப் பாட்டு எடுத்தோம். 14 பேர் வந்திருந்தார்கள், டெனர் இருவர். இரண்டாவது பக்கத்தில் டெனர்கள் தடுமாற, நான் கையை அசைத்துக்கொண்டே இருந்தேன். பேஸ் வரிசையிலிருந்து அவன் கையைத் தூக்கினான். பாட்டை நிறுத்தினேன்.

“மாஸ்டர், நீங்க டெனர் பாடுறீங்க.”

எனக்குத் தெரியவே இல்லை. மறுபடி அதே பக்கத்தை எடுத்தோம். உதட்டை மூடிக்கொண்டு நின்றேன். டெனர்கள் சரியாகத்தான் பாடினார்கள். அவர்களைத் தடுமாற வைத்தது, பக்கத்து வரிசையில் இறங்கிக்கொண்டிருந்த ஆல்ட்டோவின் மூன்றாம் ஸ்வரம்.